அத்தானின் நேர்த்தியும் நடிகரின் விருதும்

அக்கா வீட்டு அலுமாரியின் மேல்தட்டில், கலியாணப் பட்டுச் சேலைகளுக்கும் பழைய எக்ஸ்ரே படங்களுக்கும் நடுவே, மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு பொட்டலம் நெடுங்காலம் இருந்தது. அளவில் சின்னது, கையில் எடுத்தால் பாரம். அவிழ்த்தால் உள்ளே செடில்கள் இருக்கும். காவடி எடுப்பவர்கள் முதுகுத் தோலில் கொளுவிக்கொள்வார்களே, அந்தக் கொக்கிகள்தான். எங்கள் குடும்பத்தில் யாரும் செடில் குத்தியதில்லை. ஆனாலும் ஒவ்வொரு வருடமும் சினிமா விருது விழா நெருங்கும்போது அக்காவின் கண் அந்த மேல்தட்டுக்குப் போய்விடும். கறிக்கு உப்புப் போட மறப்பாள், போட்டால் இரண்டு தரம் போடுவாள். சுவரில் ஒரு நடிகரின் படத்தை மாட்டி, அவருடைய பிறந்தநாளுக்குப் பாயசம் வைக்கும் வீட்டில், அதே நடிகருக்கு விருது கிடைத்துவிடக் கூடாது என்று கடவுளை மன்றாடினார்கள் என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். நான் அந்த வீட்டில் இருந்தவள். மன்றாடியவர்களில் நானும் ஒருத்தி.

அத்தான், அதாவது அக்காவின் கணவர், உட்துறைமுகத்துக்குப் போகிற தெருவில் படகு இயந்திரங்கள் திருத்தும் பட்டறை வைத்திருந்தார். திருகோணமலையில் அந்த நடிகரின் ரசிகர்கள் என்றால் அத்தானைத்தான் கைகாட்டுவார்கள். பட்டறைக்குள் கிறீஸ் படாத ஒரே இடம் நடிகரின் படம் மாட்டியிருந்த மூலைதான். ஆனால் உண்மையைச் சொன்னால் முதல் ரசிகை அக்கா. அத்தானுக்கு அதுவரை சினிமா என்றால் இருட்டில் நித்திரை கொள்ளக் கிடைத்த நல்ல இடம், அவ்வளவுதான். கலியாணம் பேசி வந்த தரகர், பெண்ணுக்கு இந்த நடிகர் என்றால் உயிர் என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிவைத்திருக்கிறார். மனிதர் அதைப் பிடித்துக்கொண்டு, கலியாணத்துக்கு முன்பே நடிகரின் படங்கள் எல்லாவற்றையும் தேடித் தேடிப் பார்த்து முடித்துவிட்டார். கலியாணமாகி இருவரும் முதன்முதலில் போனதும் படத்துக்குத்தான். நடிகர் திரையில் வந்ததும் அக்கா சின்னப்பிள்ளை மாதிரிக் கைதட்டினாளாம். அத்தான் திரையைப் பார்க்காமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். இதை அவரே எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார், அக்கா ஒவ்வொரு தரமும் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவாள். நான் அவர்களோடு வந்து இருக்கத் தொடங்கிய கொஞ்ச நாளில் அந்தக் கைதட்டல் நின்றுபோனது. அதற்கு அந்தப் பொட்டலம்தான் காரணம்.

பொட்டலத்துக்குக் காரணம், நாங்கள் எல்லோரும் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன் ஒருவர். கிண்ணியாவில் மீன் வியாபாரம் செய்தவர், சொந்தமாகப் படகுகள் உண்டு. அவற்றின் இயந்திரங்கள் கோளாறு பண்ணினால் அத்தானிடம்தான் வருவார். முன்பெல்லாம் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் கடல் கடந்து வந்தார், பாலம் வந்த பிறகு மோட்டார் சைக்கிளில். இருவரும் உயிர்ச் சிநேகிதர், ஆனால் நானா எங்கள் நடிகருக்குப் போட்டியாக இருந்த மற்ற நடிகரின் ஆள். நடிப்பென்றால் எங்கட ஆள்தான், உங்கட ஆள் தலைமயிர் கோதுறதுக்கு மட்டும் சரி என்று ஆரம்பிப்பார். பட்டறையில் வேலை நின்றுவிடும். அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. எவருடைய நடிகர் விருது வாங்குகிறாரோ அவர் தோற்றவர் வீட்டுக்கு, முட்டையும் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த வட்டிலப்பம் கொண்டுபோக வேண்டும். தோற்றவர் அதை எல்லோர் முன்னாலும் சாப்பிட்டு, நல்லாயிருக்கு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அக்காவுக்கு வட்டிலப்பம் செய்யப் பழகவேண்டிய தேவை வரவேயில்லை. கொண்டுவந்தது எப்போதும் நானா வீட்டிலிருந்துதான்.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒரு வருடம் நானாவின் நடிகருக்கு விருது கிடைத்தபோது, கிண்ணியாப் பெடியன்கள் ஆட்டோக்களில் வந்து பட்டறை வாசலில் ஹோர்ன் அடித்து ஆடிவிட்டுப் போனார்கள். நானா வட்டிலப்பத்தோடு வந்தார். அத்தான் சாப்பிட்டார், நல்லாயிருக்கு என்றும் சொன்னார். ஆனால் அது தொண்டைக்குள் இறங்கவில்லை. அந்தக் கிழமையே வெருகல் முருகன் கோயில் திருவிழாவுக்குப் போனோம். அத்தான் ஆற்றில் மூழ்கி, ஈர வேட்டியோடு சந்நிதியில் போய் நின்றார். சுற்றி நின்ற சனம் எல்லாம் கேட்கும்படி சொன்னார்: "முருகா, அவருக்கு அந்த விருது கிடைக்கட்டும். கிடைச்ச வருசமே உன்ர வாசலில செடில் குத்தித் தூக்குக் காவடி எடுப்பன்." முதுகில் குத்திய கொக்கிகளில் ஆளை மரத்தில் தொங்கவிட்டுக் கொண்டுபோவதுதான் தூக்குக் காவடி. பக்கத்தில் நின்ற அக்கா அவருடைய கையைப் பிடித்து இழுத்தாள். பிந்திவிட்டது, வாயிலிருந்து வந்த சொல் முருகனிடம் போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் செடில் செய்தார். அதெல்லாம் கோயிலில் இருக்கும், குத்துகிற ஆட்கள் கொண்டுவருவார்கள் என்று யாராவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. படகு இயந்திரக்காரனுக்கு எதையும் தானே செய்தால்தான் நம்பிக்கை. துருப்பிடிக்காத கம்பியை வெட்டி, வளைத்து, அராவி, கண்ணாடி மாதிரிப் பளபளவென்று மினுக்கி எடுத்தார். நல்ல தடிப்பு. நானா அதில் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "தம்பி, நீ காவடி எடுக்கப் போறியா, சுறா புடிக்கப் போறியா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். அத்தான் இளவயது, முதுகு பலகை மாதிரி. அவர் விழுந்து விழுந்து சிரித்தது இன்னும் நினைவிருக்கிறது.

வருடங்கள் போயின. நடிகர் நல்ல படங்களிலும் நடித்தார், பார்க்க முடியாத படங்களிலும் நடித்தார், விருது மட்டும் வரவில்லை. இதற்குள் அத்தானுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு, வந்துவிட்டது. நான் தாதியாகி ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஒருநாள் பட்டறையில் கால் பெருவிரலில் ஒரு சின்ன வெட்டு. மற்றவர்களுக்கு இரண்டு நாளில் காய்ந்துவிடும் காயம், அவருக்கு மாதக்கணக்கில் ஆறாமல் கிடந்து எங்களைப் படாதபாடு படுத்தியது. விரலை எடுக்க வேண்டி வருமோ என்று டொக்டர் யோசித்த நாட்களும் உண்டு. வார்ட்டில் அப்படி ஒரு சின்னக் காயத்தோடு வந்து காலையே இழந்துபோனவர்களின் புண்களை நான் என் கையால் சுத்தம் செய்திருக்கிறேன். அப்போதிலிருந்துதான் எனக்கும் அந்தப் பொட்டலத்தைப் பார்த்தால் பயம் வரத் தொடங்கியது. ஒரு விரல் வெட்டுக்கே இந்தப் பாடென்றால், முதுகு முழுக்க அந்தச் சுறாத் தூண்டில்களைக் கொளுவித் தூக்கினால் மனிதர் திரும்பி வீட்டுக்கு வருவாரா? முருகனுக்கு வைத்த நேர்த்திக்கடனை மாற்றச் சொல்லிக் கேட்டேன். காவடிக்குப் பதிலாகத் தான் பால்செம்பு எடுக்கிறேன் என்றாள் அக்கா. "வாய் என்ர வாய், முதுகு வேற ஆளின்ர முதுகோ?" என்று கேட்டுவிட்டு அத்தான் அந்தக் கதையையே நிறுத்திவிட்டார். கோயிலில் போய் விசாரிக்கவும் எங்களை விடவில்லை. விசாரித்தால் பயந்துவிட்டார் என்று ஊர் கதைக்குமாம்.

அப்படி இருக்கும்போதுதான் அந்தப் படம் வந்தது. நடிகர் நரைத்த தாடியோடு, ஒப்பனை இல்லாமல், மகனைத் தேடி அலையும் தகப்பனாக நடித்திருந்தார். படம் முடிந்ததும் தியேட்டரில் ஒருவரும் எழும்பவில்லை. அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார், அக்கா முகமெல்லாம் வெளிறிப் போய் வந்தாள். இந்த முறை விருது இவருக்குத்தான் என்று பத்திரிகைகள் எழுதின. நானாகூட ஒத்துக்கொண்டார். அத்தானோடு திரிந்த இளம் ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? தம்பலகாமத்தில் உழவு மெசின் ஒன்றைப் பேசி வைத்து, அத்தானைத் தொங்கவிடும் மரத்தை எப்படிக் கட்டுவது, நடிகரின் படத்தை எங்கே வைப்பது என்று படம் கீறிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். அக்கா அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போய் அழுதாள். அத்தானோ பெருவிரலில் கட்டோடு கதிரையில் இருந்தபடி, மரம் பாலை மரமாக இருந்தால் நல்லது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்கா காளி கோயிலுக்குத் தினமும் போகத் தொடங்கினாள். ஒருநாள் நானும் போனேன். அவள் முணுமுணுத்தது காதில் விழுந்தது. "தாயே, அவர் நல்லா இருக்கோணும், நூறு படம் நடிக்கோணும். இந்த விருது மட்டும் வேண்டாம் தாயே." சொல்லிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தான் உயிராய் நினைத்த நடிகருக்கு எதிராக வேண்டிக்கொள்கிறவளின் முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு அத்தான் மேல் கோபம் கோபமாக வந்தது. ஒரு வட்டிலப்பத்தை விழுங்கமாட்டாமல் இந்த மனிதர் எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறார் என்று நினைத்தேன்.

விருது விழா இந்தியாவில் ஒரு சனிக்கிழமை நடக்கும், அடுத்த கிழமை ஞாயிறு பின்னேரம்தான் தொலைக்காட்சியில் காட்டுவார்கள். இடையில் முடிவு ஃபோனுக்கு ஃபோன் பறந்துவிடும். ஆனால் அத்தான் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. தொலைக்காட்சியில் கண்ணால் காணும்வரை யாரும் முடிவைப் பற்றி மூச்சுவிடக் கூடாது. முன்கூட்டிச் சொன்ன ஒரு பெடியனோடு அவர் பல மாதம் கதைக்காமல் இருந்தார். விழா முடிந்த மறுநாள் காலை நான் வேலையில் இருந்தேன். நானாவிடமிருந்து ஃபோன் வந்தது. "புள்ள, எங்கட ஆளுக்குத்தான் கிடைச்சிருக்கு. அல்ஹம்துலில்லாஹ். இனிப் பயப்படாத. ராத்திரியெல்லாம் நான் துஆக் கேட்டுக்கொண்டே இருந்தன்." தன் நடிகர் வென்றதற்காக நானா ஆடாமல் கதைத்தது அந்த ஒரு முறைதான். நான் மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒருபாட்டம் அழுதேன். அக்காவுக்குச் சொன்னபோது அவள் குசினிக்குள் நின்றபடியே காளி கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

அடுத்த ஞாயிறு வரை நாங்கள் முகத்தை எப்படி வைத்திருந்தோம் என்பது எங்களுக்குத்தான் தெரியும். அக்கா பாட்டை முணுமுணுத்துவிட்டுத் திடுக்கிட்டு நிறுத்துவாள். கறிக்கு உப்புச் சரியாக இருந்தது. ஞாயிறு பின்னேரம் ரசிகர்கள் வந்து பாயில் நிறைந்து இருந்தார்கள். ஒவ்வொருவனுக்கும் முடிவு தெரியும், ஒருவனும் மற்றவன் முகத்தைப் பார்க்கவில்லை. அத்தான் வெள்ளை வேட்டி கட்டி, திருநீறு பூசி, நடுக்கதிரையில் இருந்தார். மேடையில் உறையைப் பிரித்து நானாவின் நடிகரின் பெயரை வாசித்தார்கள். அத்தான் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தினார். பெடியன்கள் ஐயோ என்றார்கள், ஒருத்தன் நடுவர்களைத் திட்டினான், அக்கா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். நானும் முடிந்த அளவு துக்கப்பட்டேன். வழக்கப்படி நானா வாசலில் வந்து நின்றார். அத்தானுக்குச் சீனி என்றபடியால் நானாவின் மனைவி வட்டிலப்பத்தை விட்டுவிட்டு, ஃபிளாஸ்க்கில் இலைக்கஞ்சி கொடுத்துவிட்டிருந்தார். அத்தான் ஒரு கோப்பை குடித்து, நல்லாயிருக்கு என்றார். இந்த முறை அது தங்குதடையில்லாமல் உள்ளே இறங்கியது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது.

எல்லோரும் போன பிறகு அத்தானின் காலுக்கு மருந்து கட்டக் குந்தினேன். அத்தான் குனிந்து மெதுவாகச் சொன்னார். "மச்சாள், எனக்குப் போன ஞாயிறே தெரியும். நானா முதல் எனக்குத்தான் ஃபோன் எடுத்துச் சொன்னவர்." நான் கட்டுத்துணியைப் பிடித்தபடி அவரைப் பார்த்தேன். ஒரு கிழமையாக நாங்கள் அவருக்கு நடித்திருக்கிறோம், அவர் எங்களுக்கு நடித்திருக்கிறார், நானா எல்லோருக்கும் தனித்தனியாக நடித்திருக்கிறார். விருதை அந்த வீட்டுக்குள்தான் கொடுத்திருக்க வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தான் சிரிக்கவில்லை. "கேட்டவுடன பட்டறையில இருந்து சந்தோசத்தில அழுதனான் மச்சாள். நான் பயந்துதான் போயிருந்தனான். அந்த மனுசன் அப்பிடி நடிச்சிருக்கு, அதுக்குக் கிடைக்கேல்லையெண்டு நான் சந்தோசப்பட்டனான். உன்ர அக்காட்ட இதை எப்பிடிச் சொல்லுவன்?" அவருடைய கண் நிறைந்திருந்தது. குசினி வாசலில் அக்கா நின்றதை நாங்கள் இருவரும் காணவில்லை. அவள் வந்து அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து, காளி கோயில் கதையைச் சொன்னாள். நான் கட்டை முடித்துவிட்டு எழும்பிப் போனேன்.

இனிப் பயந்துகொண்டிருக்க ஏலாது என்று அத்தானே முடிவெடுத்தார். அந்த வருடத் திருவிழாவுக்குப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வெருகலுக்குப் போனோம். நானாவின் வான் வண்டியில்தான் போனோம். அவர் ஆற்றங்கரை மரநிழலில் எங்களுக்காகக் காத்திருந்தார். காவடிக்காரர்களுக்குச் செடில் குத்தும் பெரியவரிடம் அத்தான் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். விருது, நேர்த்தி, கால்விரல் எல்லாம். பெரியவர் கேட்ட முதல் கேள்வி, "சீனி வருத்தமா?" என்பது. ஓம் என்றார் அத்தான். "அப்ப தள்ளி நில்லுங்க. சீனிக்காரருக்கு நாங்க குத்திறல்ல. விருது கிடைச்சிருந்தாலும் குத்தியிருக்கமாட்டம்." அவ்வளவுதான். இத்தனை வருடம் நாங்கள் சாப்பாடு இறங்காமல் கிடந்ததற்கு, ஒருநாள் வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். பெரியவர் பொட்டலத்தை அவிழ்த்து ஒரு செடிலைத் தூக்கினார், அத்தானைப் பார்த்தார், மறுபடியும் செடிலைப் பார்த்தார். "இது சாமி காரியத்துக்கு வேணாம் தம்பி. நாங்க குத்திறது ஊசி மாதிரி." பிறகு என்ன தொழில் என்று விசாரித்தார். இயந்திர வேலை என்றதும் அவருடைய முகம் மலர்ந்தது. தண்ணீர்ப் பந்தலுக்குத் தண்ணீர் இழுக்கும் மோட்டர் காலையிலிருந்து நின்றுபோயிருந்ததாம். அத்தானைக் கையோடு அங்கே கூட்டிக்கொண்டு போய், "இதச் சரியாக்கித் தாங்க. உங்கட நேர்த்தி இதோட சரி" என்றார். அத்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மோட்டருக்குப் பக்கத்தில் குந்திவிட்டார். மோட்டர் ஓடி, குழாயில் தண்ணீர் சீறி வந்தபோது அவருடைய முகத்தில் இருந்த நிம்மதியை நான் அதுவரை கண்டதில்லை. இன்றைக்கும் ஒவ்வொரு திருவிழாவுக்கும் அந்த மோட்டர் அவருடைய பொறுப்பு. செடில்களை நானா கேட்டு வாங்கிக்கொண்டார். அவற்றில் ஒன்றில் ஒரு பெரிய சுறா அகப்பட்டதாகச் சொல்கிறார். நான் நம்பவில்லை. அத்தான் நம்புகிறார்.

இந்த வருடம் விருது விழாவை நேரடியாகவே காட்டினார்கள். நடிகருக்கு இப்போது நல்ல வயது, சின்ன வேடம்தான் செய்கிறார் என்றாலும் பெயர் பட்டியலில் இருந்தது. அக்கா வீட்டு ஹோலில் நாங்கள் நால்வர்தான். நானாவுக்கும் சீனி வந்துவிட்டது, கதிரையில் காலை நீட்டிக்கொண்டு இருந்தார். அவருடைய நடிகர் நடிப்பை விட்டு அரசியலுக்குப் போய்விட்டபடியால் ஆளுக்கு இப்போது வாய் குறைவு. மேடையில் உறையைப் பிரித்தார்கள். பெயரை வாசித்தார்கள். எங்கள் நடிகரின் பெயர்.

பழக்கதோசம், அக்காவின் கண்ணும் என் கண்ணும் திறந்திருந்த அறைக்குள் அலுமாரியின் மேல்தட்டுக்குப் போயின. அங்கே பட்டுச் சேலைகளுக்குப் பக்கத்தில் மஞ்சள் துணி மட்டும் மடித்தபடி கிடந்தது. நானா, இனி இலைக்கஞ்சி உங்கட வீட்டிலிருந்துதான் வரவேண்டும் என்று சொல்லத் தொடங்கினார், முடிக்கவில்லை. அக்கா எழும்பி நின்றாள். நரைத்த தலையோடு, கையில் வெங்காய மணத்தோடு, தொலைக்காட்சிக்கு நேரே நின்று கைதட்டினாள். நிறுத்தாமல், சின்னப்பிள்ளை மாதிரித் தட்டினாள். மேடையில் நடிகர் விருதை வாங்கிக்கொண்டு ஏதோ பேசிக்கொண்டிருந்தார். அத்தான் அவரைப் பார்க்கவில்லை, அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.